சுட்ட சுண்ணாம்பின் தொழில்துறைப் பயன்பாடுகள்

சுட்ட சுண்ணாம்பு என்பது கால்சியம் ஆக்சைடு என்னும் வேதிச் சேர்மத்தின் வழக்குப் பெயராகும். சுண்ணாம்புக்கல், கிளிஞ்சல் போன்ற கால்சியம் கார்பனேட்டு மிகுந்த பொருள்களைக் காளவாயிலிட்டுச் சுடும்போது இது கிடைக்கிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பாகவும் பொங்கலுக்குச் சுவரில் அடிக்கும் வெள்ளையாகவுமே பலரும் இதை அறிவர். ஆனால் உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாகும் 40 கோடி டன்னுக்கும் மேற்பட்ட சுண்ணாம்பில் மிகப்பெரும் பகுதி எஃகு, சர்க்கரை, காகிதம், தோல், வேதிப்பொருள் ஆகிய தொழில்களுக்கும் நீர்த் தூய்மிப்புக்கும் செல்கிறது. எளிதில் கிடைக்கும் காரங்களில் மலிவானது என்பதே இதன் பரவலான பயன்பாட்டுக்கு முதன்மைக் காரணமாகும்.

பெயர்கள்

அன்றாட வழக்கில் மூன்று வெவ்வேறு பொருள்கள் சுண்ணாம்பு என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. சுடப்படாத கல் சுண்ணாம்புக்கல். இது கால்சியம் கார்பனேட்டு ஆகும். சுட்டபின் கிடைக்கும் வெண்மையான அல்லது சாம்பல் நிறக் கட்டி சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் சேர்த்தால் கிடைப்பது நீற்றுச் சுண்ணாம்பு. இது கால்சியம் ஐதராக்சைடு ஆகும். நீற்றுச் சுண்ணாம்பை மிகுந்த நீரில் கலக்கினால் சுண்ணாம்புப் பால் கிடைக்கும். அதைத் தெளியவைத்து இறுத்தால் கிடைக்கும் தெளிந்த கரைசல் சுண்ணாம்புத் தண்ணீர் எனப்படும். சுட்ட சுண்ணாம்பின் தொழிற்பயன்கள் எனக் கூறப்படுபவற்றுள் பல, அது நீற்றப்பட்ட பிறகே நிகழ்கின்றன.

தயாரிப்பு

சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியசுக்குச் சூடாக்கும்போது அது கால்சியம் ஆக்சைடாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் பிரிகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ எடுத்துக்கொண்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். எஞ்சிய 44 கிலோ வாயுவாக வெளியேறும். கல்லின் உட்பகுதி வரை வெப்பம் செல்ல வேண்டியிருப்பதால் நடைமுறையில் உலையின் வெப்பநிலை 1,000 பாகைக்கு மேல் வைக்கப்படுகிறது.

ஊர்ப்புறக் காளவாய்களில் கல்லும் கரியும் அடுக்கடுக்காக இடப்பட்டு அடியிலிருந்து தீ மூட்டப்படும். பெரிய ஆலைகளில் செங்குத்து உலைகளும் சுழல் உலைகளும் பயன்படுகின்றன. வெப்பம் போதாவிட்டால் கல்லின் நடுப்பகுதி வேகாமல் நின்றுவிடும். வெப்பம் மிகுந்தால் சுண்ணாம்பின் நுண்துளைகள் மூடிக்கொண்டு அது நீருடன் மெதுவாகவே வினைபுரியும். இதனால் சுண்ணாம்பின் தரம் கல்லை மட்டுமின்றிச் சுடும் முறையையும் பொறுத்து அமைகிறது.

தமிழ்நாட்டில் அரியலூர், விருதுநகர், திருநெல்வேலி, சேலம் ஆகிய மாவட்டங்களில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கப்படுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காடு ஏரியில் படிந்துள்ள கிளிஞ்சலும் சுண்ணாம்பு சுடப் பயன்பட்டுள்ளது. ஆந்திரப் பிரதேசத்தின் பல்நாடு பகுதியிலுள்ள பிடுகுராள்ள, மத்தியப் பிரதேசத்தின் கட்னி, இராசத்தானின் கோட்டன் ஆகியவை சுண்ணாம்புத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இந்திய ஊர்களாகும்.

பயனுக்குக் காரணமான பண்புகள்

சுட்ட சுண்ணாம்பு தொழில்துறையில் பயன்படுவதற்கு நான்கு பண்புகள் அடிப்படையாக உள்ளன. முதலாவது, காரத்தன்மை. நிறைவுற்ற சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 12.4 ஆகும். இரண்டாவது, கால்சியம் அயனி பாசுபேட்டு, சல்பைட்டு, கார்பனேட்டு போன்றவற்றுடன் சேர்ந்து கரையாத உப்பாக வீழ்படிதல். மூன்றாவது, நீருடன் சேரும்போது பெரும் வெப்பத்தை வெளிவிடுதல். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு முழுமையாக நீறும்போது வெளியாகும் வெப்பம், 30 பாகையிலுள்ள 3 லிட்டர் நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. நான்காவது, 2,500 பாகைக்கு மேற்பட்ட உருகுநிலையும், உயர் வெப்பத்தில் மணற்சத்தான சிலிக்காவுடன் சேர்ந்து உருகிய கசடாக மாறும் தன்மையும் ஆகும். கீழே கூறப்படும் தொழில்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒன்றையோ பலவற்றையோ சார்ந்துள்ளன.

சர்க்கரை ஆலைகளில்

திருத்தணி வட்டாரத்தில் சுண்ணாம்பு பெருமளவில் பயன்படும் தொழில் சர்க்கரைத் தொழிலாகும். கனகம்மாசத்திரத்தை அடுத்த திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ளது. சுற்றுவட்டார விவசாயிகள் பயிரிடும் கரும்பு இங்கு அரவைக்கு வருகிறது. கரும்பு வெண்சர்க்கரையாக மாறுவதற்கு இடையில் நிகழும் முக்கியமான படி சாறு தெளிவித்தலாகும். இப்படியில் சுண்ணாம்பே முதன்மைப் பொருள்.

அரவையிலிருந்து வரும் கரும்புச்சாறு கலங்கலாகவும் சற்று அமிலத்தன்மையுடனும் இருக்கும். அதன் பி.எச். மதிப்பு 5 முதல் 5.5 வரை அமையும். சர்க்கரையுடன் மண், நார்த்துகள், புரதம், பிசின், மெழுகு, நிறமிகள் ஆகியவையும் அதில் கலந்திருக்கும். இந்த அமில நிலையிலேயே சாற்றைக் காய்ச்சினால் சர்க்கரை குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் சிதைந்துவிடும். இவை இரண்டும் ஆலையில் படிகமாவதில்லை, கழிவுப்பாகுடன் போய்விடும்.

இந்திய ஆலைகளில் பெரும்பாலானவை இரட்டைக் கந்தக முறையைப் பின்பற்றுகின்றன. இம்முறையில் சாறு ஏறத்தாழ 70 முதல் 75 பாகை வரை சூடாக்கப்பட்டு அதில் சுண்ணாம்புப் பாலும் கந்தக டைஆக்சைடு வாயுவும் செலுத்தப்படுகின்றன. சுண்ணாம்பிலுள்ள கால்சியம், சாற்றிலுள்ள பாசுபேட்டுடன் சேர்ந்து பஞ்சுபோன்ற திரளாகிறது. கந்தக வாயுவுடன் சேர்ந்து கால்சியம் சல்பைட்டு ஆகிறது. இவ்விரு வீழ்படிவுகளும் நிறமிகளையும் பிசினையும் தம்முடன் இழுத்துக்கொண்டு படிகின்றன. இறுதியில் சாற்றின் பி.எச். மதிப்பு 7-ஐ ஒட்டி நிறுத்தப்படுகிறது. பின்னர் சாறு மீண்டும் கொதிநிலைக்குச் சூடாக்கப்பட்டுத் தெளிவிப்பான் தொட்டிக்கு அனுப்பப்படுகிறது. மேலே நிற்கும் தெளிந்த சாறு ஆவியாக்கிகளுக்குச் செல்கிறது. அடியில் தங்கும் மண்டி வடிகட்டப்பட்டு, விவசாயிகள் பிரஸ்மட் என்றழைக்கும் ஆலைக்கழிவாக வெளிவருகிறது. இது மக்கிய பின் வயலுக்கு எருவாகிறது.

ஒரு டன் கரும்புக்குப் பொதுவாக 1.5 முதல் 2 கிலோ வரை சுண்ணாம்பு தேவைப்படும். நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலைக்கு இது ஏறத்தாழ 4 முதல் 5 டன் ஆகும். அளவு சிறிதாகத் தோன்றினாலும் அதில் நேரும் தவறு பெரிது. சுண்ணாம்பு குறைந்தால் சர்க்கரை சிதையும்; சாறும் தெளியாது. மிகுந்தால் குளுக்கோசு போன்றவை சிதைந்து சாறு பழுப்பாகும். ஆவியாக்கிக் குழாய்களில் காரை படியும். இந்தியாவில் கரும்பின் நியாயமான மற்றும் ஆதாய விலை சர்க்கரைப் பிழிதிறனோடு இணைக்கப்பட்டுள்ளது. எனவே சாறு தெளிவிக்கும் இடத்தில் ஏற்படும் இழப்பு ஆலைக்கு மட்டுமின்றிக் கரும்பு தரும் விவசாயிக்கும் உரியதாகிறது.

இந்த வேதியியல் தமிழ்நாட்டு மரபிலும் காணப்படுகிறது. வெல்லம் காய்ச்சுவோர் கொப்பரையிலுள்ள சாற்றில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு அழுக்கெடுப்பர். பனையேறுவோர் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவர். காரநிலையில் நொதிக்கும் நுண்ணுயிர்கள் பெருகாததால் வடியும் சாறு கள்ளாகாமல் பதநீராகவே கிடைக்கிறது.

தோல் பதனிடுதலில்

திருத்தணிக்குத் தென்மேற்கேயுள்ள இராணிப்பேட்டை, அதற்கு அப்பாலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி ஆகியவை இந்தியாவின் முக்கியத் தோல் தொழில் மையங்களாகும். பச்சைத் தோலிலுள்ள மயிரையும் மேல்தோலையும் நீக்குவதற்குத் தோல் சுண்ணாம்புக் குழியில் அல்லது சுழலும் பெரிய உருளைகளில் ஊறவைக்கப்படுகிறது. சுண்ணாம்புடன் சோடியம் சல்பைடும் சேர்க்கப்படும். சல்பைடு மயிரின் வேரைத் தளர்த்துகிறது. சுண்ணாம்பின் காரம் தோலின் நார்களை உப்பச் செய்து பிரித்து, நார்களுக்கிடையிலுள்ள வேண்டாத புரதங்களை நீக்கி, கொழுப்பைச் சவர்க்காரமாக்குகிறது. இதனால் பின்னர் சேர்க்கப்படும் பதனிடு பொருள் தோலுக்குள் சீராக ஊடுருவுகிறது.

தோல் தொழிலின் கழிவுச்சுமையில் பெரும்பங்கு இந்தச் சுண்ணாம்பிடும் படியிலிருந்தே வருகிறது. பாலாற்றுப் பகுதியில் தோல் ஆலைக் கழிவுநீரால் நேர்ந்த பாதிப்பு, வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 1996 ஆகத்து 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, தோல் ஆலைகள் மிகுந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதைக் குறிப்பிட்டது. தோல் பதனிடப் பயன்படும் வேதிப்பொருள்களாக அத்தீர்ப்பு எடுத்துக்கூறியவற்றுள் உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் சேர்மம் ஆகியவை அடங்கும். சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நொதிகளைக் கொண்டு மயிர் நீக்கிச் சுண்ணாம்பு, சல்பைடு ஆகியவற்றின் அளவைக் குறைக்கும் முறைகளை உருவாக்கியுள்ளது. மறுபுறம், கழிவுநீரிலுள்ள குரோமியத்தை வீழ்படியச் செய்து பிரிப்பதற்கும் சுண்ணாம்பே பயன்படுகிறது.

எஃகுத் தயாரிப்பில்

உலக அளவில் சுட்ட சுண்ணாம்பை மிகுதியாகப் பயன்படுத்தும் தொழில்களுள் எஃகுத் தொழில் முதன்மையானது. ஆக்சிசன் ஊதும் உலையில் ஒரு டன் எஃகுக்குப் பொதுவாக 30 முதல் 60 கிலோ வரை சுண்ணாம்பு இடப்படுகிறது. உருகிய இரும்பிலுள்ள சிலிக்கான், பாசுபரசு ஆகியவை ஆக்சைடுகளாக மாறிச் சுண்ணாம்புடன் சேர்ந்து கசடாக மேலே மிதக்கின்றன. கந்தகத்தின் ஒரு பகுதியும் கசடுக்குச் செல்கிறது. பாசுபரசு மிகுந்த எஃகு குளிர்நிலையில் எளிதில் உடையும். கந்தகம் மிகுந்தது சூட்டில் அடிக்கும்போது வெடிக்கும்.

தொடக்ககாலப் பெசமர் உலைகளின் உட்பூச்சு அமிலத்தன்மை உடையதாக இருந்ததால் அவற்றில் சுண்ணாம்பைப் பயன்படுத்த இயலவில்லை. 1870-களின் இறுதியில் இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி கில்கிறிசுட்டு தாமசு, காரத்தன்மையுள்ள உட்பூச்சை அறிமுகப்படுத்திய பின்னரே பாசுபரசு மிகுந்த தாதுக்களிலிருந்தும் நல்ல எஃகு எடுக்க முடிந்தது. துருப்பிடிக்காத எஃகைத் தூய்மிக்கும்போதும் சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் சேலம் உருக்காலை இவ்வகை எஃகுக்குப் பெயர்பெற்றது.

காகித ஆலைகளில்

மரம் அல்லது கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுக்கச் சோடியம் ஐதராக்சைடு தேவை. வேகவைத்த பின் எஞ்சும் கருநிறக் கழிவுநீரை எரித்தால் அதிலுள்ள சோடியம் பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டாகக் கிடைக்கிறது. இதன் கரைசலில் சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்தால் கால்சியம் கார்பனேட்டு வீழ்படிந்து சோடியம் ஐதராக்சைடு மீண்டும் கிடைக்கிறது. வீழ்படிந்த சேற்றை உலையிலிட்டுச் சுட்டால் மறுபடியும் சுட்ட சுண்ணாம்பாகிறது. இவ்வாறு ஒரே சுண்ணாம்பு ஆலைக்குள் பலமுறை சுழல்கிறது.

கரும்புச் சக்கையில் சிலிக்கா மிகுதி. அது சுண்ணாம்புச் சேற்றில் தேங்குவதால் முழுவதையும் மீண்டும் சுட்டுப் பயன்படுத்த இயலாது. 1979-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு இயங்குகிறது. சுண்ணாம்புச் சேற்றையும் எரிசாம்பலையும் கொண்டு சிமெண்டு தயாரிக்கும் ஆலையையும் அந்நிறுவனம் அமைத்துள்ளது.

நீர், கழிவுநீர்த் தூய்மிப்பில்

குடிநீரில் கலங்கலை நீக்கப் படிகாரம் சேர்க்கும்போது நீர் சற்று அமிலத்தன்மை அடைகிறது. குழாய்கள் அரிக்கப்படாமலிருக்கச் சுண்ணாம்பு சேர்த்து அது சரிசெய்யப்படுகிறது. 1841-இல் இசுக்காட்லாந்து வேதியியலாளர் தாமசு கிளார்க் கண்டறிந்த முறையில், தற்காலிகக் கடினத்தன்மையுள்ள நீரில் கணக்கிட்ட அளவு சுண்ணாம்பு சேர்த்து அக்கடினத்தன்மை நீக்கப்படுகிறது. சாய ஆலை, உலோக முலாம் ஆலை ஆகியவற்றின் கழிவுநீரிலுள்ள அமிலத்தை நடுநிலையாக்கவும் உலோகங்களை வீழ்படியச் செய்யவும் சுண்ணாம்பு உதவுகிறது. கழிவுநீர்க் கசடின் பி.எச். மதிப்பை 12-க்கு மேல் உயர்த்தி வைத்தால் நோய்க்கிருமிகள் பெருமளவு அழிகின்றன. நோயுற்ற கோழி, கால்நடைகளைப் புதைக்கும் குழிகளிலும், மீன் மற்றும் இறால் குட்டைகளை அடுத்த பருவத்துக்கு ஆயத்தப்படுத்தும்போதும் சுண்ணாம்பு இடப்படுவது இதனாலேயே.

கட்டுமானம், சாலை

சிமெண்டு பரவுவதற்கு முன் சுண்ணாம்புச் சாந்தே முதன்மைக் கட்டுமானப் பிணைப்பாக இருந்தது. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை மெதுவாக ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கடுக்காய், வெல்லம், முட்டையின் வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து அரைத்த சாந்து செட்டிநாட்டு வீடுகளில் வழவழப்பான பூச்சாகக் காணப்படுகிறது. பழைய கோயில்களையும் கட்டடங்களையும் புதுப்பிக்கும்போது, பழைய சாந்தோடு ஒத்துப்போவதற்காக இன்றும் சுண்ணாம்புச் சாந்து பயன்படுத்தப்படுகிறது.

களிமண் நிலத்தில் சாலை அமைக்கும்போது மண்ணுடன் சில விழுக்காடு சுண்ணாம்பு கலக்கப்படுவதுண்டு. சுட்ட சுண்ணாம்பு மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. கால்சியம் அயனிகள் களித்துகள்களைத் திரளச் செய்கின்றன. நாளடைவில் மண்ணிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து இறுகுகிறது. இதனால் கரிசல் மண் மழையில் உப்புவதும் வெயிலில் வெடிப்பதும் குறைகின்றன. இதற்கான வழிகாட்டு நெறிகளை இந்தியச் சாலைப் பேரவை வெளியிட்டுள்ளது. எரிசாம்பல், சிமெண்டு, அலுமினியத் தூள் ஆகியவற்றுடன் சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்து இலேசான காற்றறைக் கற்களும் தயாரிக்கப்படுகின்றன.

வேதித் தொழில்களில்

சுட்ட சுண்ணாம்பையும் கற்கரியையும் மின்வில் உலையில் ஏறத்தாழ 2,000 பாகையில் சூடாக்கினால் கால்சியம் கார்பைடு கிடைக்கிறது. இதனுடன் நீர் சேர்ந்தால் பற்றவைப்புக்குப் பயன்படும் அசிட்டிலீன் வாயு உண்டாகும். மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்கவைத்தல் என்பதில் குறிப்பிடப்படும் கல் இந்தக் கார்பைடேயாகும்; சுண்ணாம்பு அன்று. கார்பைடு கொண்டு பழங்களைப் பழுக்கவைப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டுள்ளது.

நீற்றுச் சுண்ணாம்பின்மீது குளோரின் வாயுவைச் செலுத்தினால் சலவைத்தூள் கிடைக்கிறது. சால்வே முறையில் சலவைச்சோடா தயாரிக்கும்போது அம்மோனியாவை மீட்டெடுக்கச் சுண்ணாம்பு பயன்படுகிறது. தூத்துக்குடியிலுள்ள காரப்பொருள் ஆலையில் பின்பற்றப்பட்ட இரட்டை உற்பத்தி முறையில் அம்மோனியா மீட்கப்படாமல் அம்மோனியம் குளோரைடு உரமாக எடுக்கப்படுவதால் சுண்ணாம்பு தேவைப்படுவதில்லை.

தரமும் சேமிப்பும்

எல்லாத் தொழில்களுக்கும் ஒரே தரச் சுண்ணாம்பு ஏற்றதன்று. சர்க்கரை ஆலைக்குச் சிலிக்கா, மக்னீசியம் ஆக்சைடு ஆகியவை குறைந்த சுண்ணாம்பு வேண்டும். எஃகு ஆலைக்குக் கந்தகம் குறைந்ததும் விரைவில் வினைபுரிவதுமான சுண்ணாம்பு வேண்டும். சாந்துக்குச் சற்றுக் களிமண் கலந்த கல்லிலிருந்து சுடப்பட்ட சுண்ணாம்பும் பயன்படும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் கட்டுமானச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712 என்ற தரத்தையும் வேதித் தொழில்களுக்கான சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 1540 என்ற தரத்தையும் வகுத்துள்ளது.

சுட்ட சுண்ணாம்பு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் ஏற்றுத் தானாகவே பொடிந்து வீரியம் இழக்கும். பொடியும்போது பருமனும் கூடுவதால் இறுக்கி அடைத்த மூட்டைகள் பிளப்பதுண்டு. எனவே இது ஈரம் புகாத கொட்டகையில், தரையிலிருந்து உயர்த்திய மேடையில், நீண்ட நாள் தேக்காமல் வைக்கப்பட வேண்டும்.

பாதுகாப்பு

சுட்ட சுண்ணாம்பு எரியக்கூடிய பொருளன்று. ஆயினும் அதில் மழைநீர் பட்டால் எழும் வெப்பம் அருகிலுள்ள மரம், சாக்கு, வைக்கோல் ஆகியவற்றைப் பற்றவைக்கக்கூடும். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் தீப்பிடித்தால் நீர் ஊற்றாமல் உலர்ந்த மணலையோ உலர்தூள் அணைப்பானையோ பயன்படுத்த வேண்டும். நீற்றும்போது நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். குவியலாக உள்ள சுண்ணாம்பின்மீது சிறிதளவு நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும்.

வியர்வையால் நனைந்த தோலில் சுண்ணாம்புத் தூள் பட்டால் புண்ணாகும். மூச்சுடன் உள்ளே சென்றால் தொண்டையும் நுரையீரலும் பாதிக்கப்படும். மிகக் கடுமையானது கண்ணில் ஏற்படும் பாதிப்பாகும். காரம் கண்ணின் திசுக்களைக் கரைத்துக்கொண்டு உள்ளே செல்வதால் பார்வை நிலையாக இழக்கப்படலாம். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிதுக்கி விளையாடும் குழந்தைகளுக்கும் இத்தகைய காயம் நேர்ந்துள்ளது. கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் உடனடியாக ஓடும் தூயநீரில் குறைந்தது 20 நிமிடங்கள் இமைகளை விரித்துக் கழுவி, ஒட்டியுள்ள துகள்களை அகற்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காரத்தை முறிப்பதாக எண்ணி எலுமிச்சைச் சாறோ புளிக்காடியோ விடக்கூடாது. தோலில் உலர்ந்த தூள் பட்டிருந்தால் முதலில் அதைத் தட்டித் துடைத்துவிட்டுப் பின்னர் மிகுந்த நீரில் கழுவ வேண்டும். சுண்ணாம்பைக் கையாளும் தொழிலாளர்களுக்குப் பக்கங்கள் மூடிய கண்ணாடி, கையுறை, முகக்கவசம், முழங்கால் வரையிலான காலணி ஆகியவை தேவை. காளவாயின் உட்பகுதியிலும் பள்ளங்களிலும் காற்றைவிடக் கனமான கார்பன் டைஆக்சைடு தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கலாம் என்பதால் அவற்றில் தனியாள் இறங்கக்கூடாது.

சுற்றுச்சூழல் தாக்கம்

ஒரு டன் தூய சுட்ட சுண்ணாம்பு உருவாகும்போது கல்லிலிருந்து மட்டும் ஏறத்தாழ 785 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. உலைக்கு எரிக்கும் எரிபொருளிலிருந்து வருவது இதற்குக் கூடுதலாகும். எரிபொருளை மாற்றுவதால் இரண்டாவது பகுதியைக் குறைக்கலாம். ஆனால் முதற்பகுதி வினையின் விளைபொருளே என்பதால் அதைப் பிடித்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சாந்து இறுகும்போது இவ்வாயுவின் ஒரு பகுதி மீண்டும் சுண்ணாம்பில் சேர்கிறது. வள்ளிக்கிழங்கு போன்ற பீட்டுக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் தம் காளவாயிலிருந்து வரும் கார்பன் டைஆக்சைடையே சாறு தெளிவிக்கவும் பயன்படுத்துகின்றன. காகித ஆலையின் சேறு சிமெண்டாவதும் சர்க்கரை ஆலையின் மண்டி எருவாவதும், பயன்பட்ட சுண்ணாம்பைக் கழிவாக விடாமல் மீண்டும் பயனுக்குக் கொண்டுவரும் வழிகளாகும்.